காங்ஷி காலத்தின் இரண்டு ரென்யின்கள்

பழைய சீன நூல்களுக்குப் பட்டியல் எழுதுவது என் வேலை. நூல் கைக்கு வந்ததும் முன்னுரையின் கடைசி வரியைத்தான் முதலில் தேடுவேன். ஆண்டு பெரும்பாலும் அங்கே இருக்கும். நம் பிரபவ, விபவ போல அவர்களுக்கும் அறுபது ஆண்டுச் சுற்று உண்டு. கூடவே பேரரசரின் ஆட்சிக் காலத்துக்கு வைத்த ஆட்சிப் பெயரும் இருந்துவிட்டால் பொதுவாகக் குழப்பமில்லை.

சிங் வம்சப் பேரரசர் ஒருவரின் ஆட்சிப் பெயரான காங்ஷி விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. அந்தப் பெயர் 1662 முதல் 1722 வரை 61 ஆண்டுகள் நீடித்தது. ரென்யின் என்பது அறுபது ஆண்டுச் சுற்றில் ஓர் ஆண்டின் பெயர். 'காங்ஷி, ரென்யின்' என்று மட்டும் இருந்தால் அது முதல் ஆண்டாகவும் இருக்கலாம், கடைசி ஆண்டாகவும் இருக்கலாம். கடைசி ஆண்டுதான் என்று தெரிந்தாலும் மாதத்தைப் பார்த்தாக வேண்டும். அதன் பன்னிரண்டாம் மாதம் நம் கணக்கில் 1723 ஜனவரியில் வருகிறது.

இந்த இடத்தில் நாள்காட்டி அட்டவணை உதவாது, ஆளைத் தேட வேண்டும். முன்னுரை எழுதியவர் 1691இல் அரசு அதிகாரிகளுக்கான அரண்மனைத் தேர்வில் தேறியவர் என்றால் 1662க்கு இடமே இல்லை. அப்புறம் எழுத்துகள். காங்ஷியின் இயற்பெயர் ஷுவான்யே. அதன் முதல் எழுத்தைப் பேரரசருக்கு மரியாதையாகக் கடைசிக் கோடு இல்லாமல் மர அச்சுப் பலகையில் செதுக்குவார்கள். கோடு விடுபட்டிருந்தால் பிந்தைய ஆண்டின் பக்கம் சாய்வேன். ஆனால் அதை மட்டும் நம்பி முடிவு செய்ய மாட்டேன், ஏனென்றால் பழைய முன்னுரையை அப்படியே வைத்துப் பின்னால் புதிதாகச் செதுக்கிய பலகைகளும் உண்டு.

எல்லாம் பொருந்தி வரும் இடமும் இருக்கிறது. 1911இல் இலங்கையின் காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டில் தமிழ், பாரசீகத்தோடு சீனமும் இருக்கிறது. சீனப் பகுதி மிங் வம்ச ஆட்சிப் பெயரான யோங்லெயின் ஏழாம் ஆண்டு, அதன் சுற்றுப்பெயர், இரண்டாம் மாத முதல் நாள், அந்த நாளின் சுற்றுப்பெயர் என நான்கையும் தருகிறது. அப்போதைய ஜூலியன் கணக்கில் அது 1409 பிப்ரவரி 15. நாட்களுக்கும் அதே போல அறுபது பெயர்ச் சுற்று உண்டு. அந்த நாள் சுற்றைத் தனியாகக் கணக்கிட்டாலும் அதே நாள்தான் வருகிறது. அந்தப் பொருத்தத்தைப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும்.

ஆட்சிப் பெயரே இல்லாத ஏடுகள்தான் என்னை அதிகம் நிறுத்திவைக்கின்றன. 1644இல் மிங் வம்சம் பெய்ஜிங்கை இழந்து சிங் வம்சம் அங்கே வந்த பின் மிங் விசுவாசிகள் பலர் சிங் ஆட்சிப் பெயரை எழுத மறுத்து, சுற்றுப்பெயரை மட்டும் எழுதினார்கள். தைவானை ஆண்ட செங் குடும்பத்தாரோ மாண்டுபோன மிங் அரசரின் யோங்லி ஆண்டையே 1683 வரை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட ஏட்டுக்கு '1683' என்று மட்டும் பதிவதில் எனக்குச் சம்மதமில்லை. 'யோங்லி 37' என்று எழுதியவர் எழுதியபடியே முதலில் பதிந்து, ஆங்கில ஆண்டை அதற்குப் பக்கத்தில் சேர்க்கிறேன்.