கொலிஜ்தானே

போன சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் ஹோலில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு தங்கச்சி இருந்தார். முப்பது வயது வரும். மடியில் நித்திரையாகிவிட்ட குழந்தை. "அக்கா, நீங்கள் ரீச்சர் எண்டு சொன்னவை. எந்த யூனிவர்சிற்றியில படிச்சனீங்கள்?" என்று கேட்டார். எங்கள் ஏரியா கொலிஜின் பெயரைச் சொன்னேன். அவர் அடுத்ததைக் கேட்பதற்குள் எதிரே இருந்த ஓர் அம்மா "ஓ, கொலிஜ்தானே" என்றார். அதோடு எல்லோரும் கேக் வெட்டுகிற பக்கம் எழும்பிப் போய்விட்டார்கள்.

அந்தத் தங்கச்சிக்குச் சொல்ல இருந்ததை இங்கே எழுதுகிறேன். அவரைப் போல இன்னும் எத்தனையோ பேர் லண்டனில் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை விட்டுவிட்டு, தாங்கள் பாதியில் விட்ட படிப்பை நினைத்தபடி வீட்டுக்கு நடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் பத்து வருடத்துக்கு மேல் அப்படி நடந்தவள்.

கொலிஜ் என்ற சொல்லே எங்கள் ஆட்களுக்கு ஒரு தடை. யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம். யாழ் இந்துக் கல்லூரி, சுண்டிக்குளி மகளிர் கல்லூரி என்றுதான் எங்கள் வாயில் வரும். கம்பஸ் என்றால் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் நடுவில் ரெக்னிக்கல் கொலிஜ், ஏ.எல்.லில் புள்ளி காணாமல் போனவர்கள் போகிற இடம் என்று ஊரில் ஒரு பார்வை. அந்தப் பார்வையையும் சூட்கேசில் வைத்து இங்கே கொண்டு வந்துவிட்டோம். இங்கிலாந்தின் கொலிஜ் அது இல்லை. ஒரே கட்டிடத்தில் பதினாறு வயதுப் பிள்ளைகள் பிளம்பிங் பழகுவார்கள், பக்கத்து அறையில் தலைமுடி வெட்டப் பழகுவார்கள், இன்னொரு மாடியில் டிகிரி வகுப்பு நடக்கும். நான் 2005இல் கைக்குழந்தையை அங்கேயே இருந்த கிறெஷ் என்ற குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு, வேறு மொழிக்காரருக்கான ஈசொல் ஆங்கிலம் படித்தது கீழ் மாடியில். 2016இல் பவுண்டேஷன் டிகிரிக்குப் போனது அதே கட்டிடத்தின் மூன்றாம் மாடிக்கு. வாசலில் அதே காவலாளி அண்ணை நின்றார்.

நான் 1978இல் பிறந்தவள். ஏ.எல். முதலாம் வருடம் படிக்கும்போது 1995 ஒக்டோபர் 30 வந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு அந்தத் திகதியை விளக்கத் தேவையில்லை; மற்றவர்களுக்கு, போரால் ஊரே இடம்பெயர்ந்த நாள். கொப்பிகளை மேசையில் அடுக்கி வைத்துவிட்டு, இரண்டு நாளில் திரும்பி வருவோம் என்ற நினைப்பில் மழைக்குள் நடந்தோம். அதற்குப் பிறகு படிப்பு என்று எதுவும் அமையவில்லை. 2002இல் கலியாணம் முடித்து லண்டன் வந்தேன். மகன், மகள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு அதே பள்ளிக்கூடத்தில் முதலில் சாப்பாட்டு நேர உதவியாளர், பிறகு ரீச்சிங் அசிஸ்ரன்ற்.

பவுண்டேஷன் டிகிரி என்பது 2001இல் தொடங்கிய ஒரு வகைப் படிப்பு. வேலை செய்துகொண்டே, அந்த வேலையையே படிப்புக்குள் கொண்டுவந்து படிப்பதற்காக உருவாக்கியது. இந்த நாட்டில் படிப்புகளுக்கெல்லாம் ஒரு லெவல் இலக்கம் இருக்கிறது. ஏ லெவல் 3. எச்.என்.சி. என்ற தொழிற்படிப்பு 4. அதற்கு அடுத்த படியான எச்.என்.டி.யும் பவுண்டேஷன் டிகிரியும் 5. ஒனர்ஸ் டிகிரி 6. லெவல் 5 என்றால் எங்கே படித்தாலும் லெவல் 5தான். பெரும்பாலான கொலிஜ்களுக்குத் தாங்களே டிகிரி கொடுக்கிற அதிகாரம் இல்லாததால் ஏதாவது ஒரு யூனிவர்சிற்றியோடு ஒப்பந்தம் வைத்திருப்பார்கள். படிப்பிப்பது கொலிஜ், சான்றிதழ் தருவது யூனிவர்சிற்றி. என் சான்றிதழிலும் யூனிவர்சிற்றியின் பெயர்தான் பெரிதாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று நாங்கள் பெருமையாகச் சொல்கிற கிங்ஸ்ரன் யூனிவர்சிற்றி 1899இல் ஒரு ரெக்னிக்கல் இன்ஸ்ரிரியூற்றாகத் தொடங்கியது. 1970இல் பொலிரெக்னிக் ஆனது. யூனிவர்சிற்றி என்ற பெயர் வந்தது 1992இல்தான். அந்த ஹோலில் இருந்த அம்மாவுக்கு இதைச் சொல்லியிருக்கவேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன்.

வகுப்பு புதன்கிழமைகளில், மத்தியானம் ஒரு மணியிலிருந்து இரவு ஏழு வரை. பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத அரை நாள் லீவு தந்தார்கள். இவர் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. புதன் பின்னேரம் அவர் நித்திரை கொள்ளவேண்டிய நேரம். "நீர் போம், பிள்ளையளை நான் பார்க்கிறன்" என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். இரண்டு வருடமும் புதன்கிழமைகளில் அவர் சரியாக நித்திரை கொண்டதே இல்லை.

ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணித்தியாலப் படிப்பு என்று கணக்கு. வருடத்துக்கு 120 கிரெடிட், அதாவது 1,200 மணித்தியாலம். வகுப்பில் இருப்பது அதில் ஒரு சின்னப் பங்கு. மிச்சமெல்லாம் பிள்ளைகள் படுத்த பிறகு சமையலறை மேசையில். ஆறு மணித்தியாலம் வகுப்புக்கு வந்தால் போதும் என்று நினைத்துச் சேர்ந்தவர்கள் கிறிஸ்மசுக்கு முன்னமே நின்றுவிட்டார்கள். இதை முதலே அறிந்துகொண்டு போவது நல்லது.

என் முதல் அசைன்மென்ற்றுக்கு 42 புள்ளி. 40 எடுத்தால் பாஸ். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓரத்தில் ரீச்சர் இரண்டு கேள்வி எழுதியிருந்தார்: இது யாருடைய சொற்கள்? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? ஊரில் எங்களுக்குப் படிப்பு என்றால் குறிப்பைப் பாடமாக்கி, ஒரு சொல் பிசகாமல் பேப்பரில் இறக்குவது. அப்படிச் செய்தால் கெட்டிக்காரி. இங்கே அதற்குப் பெயர் களவு. யார் எந்த வருடம் சொன்னார் என்று ஒவ்வொன்றுக்கும் அடைப்புக்குறிக்குள் எழுதவேண்டும், அதற்குப் பிறகு நான் என்ன நினைக்கிறேன் என்பதையும் எழுதவேண்டும். முப்பத்தெட்டு வயதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

அடுத்த புதன் வகுப்பு முடிந்த பிறகு அந்த ரீச்சர் என்னை நிற்கச் சொன்னார். குளிர்க் கோட்டையும் போட்டுக்கொண்டு வெளிக்கிட நின்றவர், அந்தக் கோட்டோடேயே பக்கத்துக் கதிரையில் இருந்தார். என்னுடைய முதல் பந்தியை எடுத்து, பென்சிலால் ஒவ்வொரு வசனத்துக்குக் கீழேயும் கோடு போடச் சொன்னார்: புத்தகத்தில் இருந்து வந்ததற்கு நேர்கோடு, நான் வகுப்பறையில் என் கண்ணால் கண்டதற்கு வளைகோடு. பந்தி முழுக்க நேர்கோடு. "வளைகோடு வேண்டும். அதற்காகத்தான் உங்களை இங்கே எடுத்தோம்" என்றார். இருபத்தைந்து நிமிடம் இருந்திருப்பார். எங்கள் வகுப்பில் பதினான்கு பேர். முந்நூறு பேர் இருக்கிற விரிவுரை மண்டபத்தில் எனக்கு அந்தப் பென்சில் கிடைத்திருக்காது. அடுத்த அசைன்மென்ற்றுக்கு 58.

வளைகோடு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஸ்காபோல்டிங் என்று ஒரு கருத்துப் படிப்பித்தார்கள். 1976இல் வுட், புரூனர், ரொஸ் என்ற மூவர் எழுதிய கட்டுரையில் வந்தது. ஒரு பிள்ளையால் தனியாகச் செய்ய ஏலாத வேலைக்குப் பெரியவர் அளவாக உதவிசெய்து, பிள்ளைக்குப் பிடிபடப் பிடிபட அந்த உதவியைக் கழற்றிக்கொண்டு வருவது. அகராதியில் அந்தச் சொல்லைப் பார்த்தேன். சாரம். எங்கள் அப்பா மேசன். சுவர் உயர உயரத் தடியும் கயிறுமாகச் சாரம் கட்டுவார். பூச்சு முடிந்ததும் மேலிருந்து கழற்றிக்கொண்டு, சாரத் தடி சுவருக்குள் நின்ற பொத்தல்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு இறங்குவார். கீழே வந்து நிற்கும்போது அங்கே சாரம் நின்றது என்பதே தெரியாது. சின்ன வயதில் அந்தப் பொத்தல்களை எண்ணிக்கொண்டு கீழே நின்றிருக்கிறேன்.

அந்தக் கிழமை எங்கள் ரிசெப்ஷன் வகுப்பில் நாலு வயதுப் பிள்ளை ஒருவன் தன் குளிர்க் கோட்டை நீட்டிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு நாளும் அவனுக்கு ஸிப்பை இழுத்துவிடுவது நான்தான். அன்றைக்கு அடியில் இரண்டு பக்கத்தையும் கொளுவிவிட்டு, கீழ்நுனியை மட்டும் பிடித்துக்கொண்டேன். மேலே இழுத்தது அவன். அடுத்த கிழமை கொளுவுகிற இடத்தை விரலால் காட்டினேன், அவன் கொளுவினான். மூன்றாம் கிழமை நான் வெறுமனே பக்கத்தில் நின்றேன். நாலாம் கிழமை அவன் என்னிடம் வரவில்லை. பக்கத்துப் பிள்ளையின் ஸிப்பை இழுத்துக்கொண்டு நின்றான். இதை அப்படியே எழுதினேன், அப்பாவின் பொத்தல்களையும் சேர்த்து. அதற்கு 68. மார்க்கை விட, அப்பா செய்த வேலை ஓர் ஆங்கிலக் கட்டுரைக்குள் மரியாதையோடு இருந்ததுதான் எனக்குப் பெரிது. அப்பா அதைப் பார்க்க இருக்கவில்லை.

சரி, காசு. எனக்கு வருடத்துக்கு ஆறாயிரம் பவுணுக்குக் கொஞ்சம் மேலே. அந்த நேரம் யூனிவர்சிற்றிகள் ஒன்பதாயிரம் அளவில் எடுத்தன. அரசாங்க லோன்தான் கட்டியது. லோன் என்றதும் எங்கள் ஆட்கள் வட்டிக்காரன் வாசலில் நிற்பான் என்று பயப்படுகிறார்கள். இது சம்பளத்தோடு சேர்ந்து போகிற கடன். நான் சேர்ந்த காலத்துக் கடனுக்கு, 2025 ஏப்ரலில் தொடங்கிய வரி வருடத்தில் 28,470 பவுணுக்கு மேலே உழைத்த தொகையில் மட்டும் 9 வீதம் வெட்டினார்கள். ரீச்சிங் அசிஸ்ரன்ற்றாக இருந்தவரை ஒரு சதமும் போகவில்லை. 2023 ஓகஸ்ற்றிலிருந்து சேர்ந்தவர்களுக்கு அந்த எல்லை 25,000; மிச்சக் கடனை அழிப்பதும் முப்பது வருடத்துக்குப் பதிலாக நாற்பது வருடத்தில். 2027 ஜனவரியிலிருந்து தொடங்கும் படிப்புகளுக்கு இந்த லோன் முறையையே மாற்றப்போவதாக அரசாங்கம் அறிவித்திருக்கிறது. சேர்கிற வருடத்து விதியை வடிவாக வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

என் மச்சாளுக்கு நடந்ததையும் இங்கே சொல்லவேண்டும். அவ ஊரில் கம்பஸில் பி.ஏ. முடித்தவ. என்னோடு சேர்ந்து விண்ணப்பித்தா. லோன் கிடைக்கவில்லை. ஏற்கெனவே டிகிரி வைத்திருக்கிறவர் அதே லெவலிலோ அதற்குக் கீழேயோ இன்னொரு படிப்புப் படித்தால் பொதுவாக லோன் கிடையாது. அந்த டிகிரியை வெளிநாட்டில் எடுத்தாலும், இலங்கை அரசாங்கம் இலவசமாகப் படிப்பித்ததாக இருந்தாலும் அதேதான். விதிவிலக்கு சிலதற்கு உண்டு, டிகிரிக்குப் பிறகு ரீச்சராகப் படிக்கிற பி.ஜி.சி.இ. அதில் ஒன்று. மச்சாள் பவுண்டேஷன் டிகிரியை விட்டுவிட்டு நேராக அந்தப் பக்கம் போயிருக்கலாம். அன்றைக்கு அதைச் சொல்ல எங்களுக்கு ஒருவரும் இல்லை. இரண்டு வருடம் வீணாகப் போனது. ஊர் டிகிரி இருந்தால் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்.

எனக்கும் ஒரு இடி விழுந்தது. பவுண்டேஷன் டிகிரியை ஒனர்ஸ் ஆக்க லெவல் 6இல் இன்னொரு வருடம் படிக்கவேண்டும், ரொப்-அப் என்பார்கள். அதுவும் அதே கட்டிடத்தில் நடக்கும் என்று நம்பித்தான் எங்களில் பலர் சேர்ந்தோம். இரண்டாம் வருடம் ஈஸ்ரர் அளவில், அந்த வருடத்தை இனி நடத்தப்போவதில்லை என்று ஓர் ஈமெயில் வந்தது. மூன்று வரி. பதினான்கில் எஞ்சி நின்ற பதினொரு பேரில் ஐந்து பேர் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். படிக்கக்கூடியவர்கள். ஒன்றேகால் மணித்தியாலப் பயணமும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் எடுக்கிற நேரமும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். எனக்கு அந்த ஈமெயிலில் இன்றைக்கும் கோபம் இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகத்தான் நாங்கள் வந்தோம். எங்களுக்கு அந்த இருபது நிமிட பஸ்தான் படிப்பு. அதை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை. நான் பயணம் செய்து 2019இல் முடித்தேன்.

பிறகு ரீச்சர் பயிற்சிக்குக் கேட்டபோது கணக்கில் ஜி.சி.எஸ்.இ. இருக்கிறதா என்றார்கள். இங்கே பிள்ளைகள் பதினாறு வயதில் எழுதுகிற பரீட்சை அது, எங்கள் ஓ.எல். போல. கொலிஜில் சேர நான் எடுத்தது பங்ஷனல் ஸ்கில்ஸ் என்ற அன்றாடப் பாவனைக் கணக்குப் பரீட்சை, லெவல் 2. டிகிரிக்கு அது போதும். நான் விண்ணப்பித்த பயிற்சிக்குப் போதவில்லை, ஜி.சி.எஸ்.இ.யில் கிரேட் 4 அல்லது அதற்குச் சமமான பரீட்சை வேண்டும் என்றார்கள். ஆரம்பப் பள்ளிக்கு ஆங்கிலம், கணக்கோடு விஞ்ஞானமும் வேண்டும். மறுபடியும் அதே கொலிஜ், இந்த முறை இரண்டாம் மாடி, செவ்வாய்ப் பின்னேரம். 2022 ஜூனில் மகனின் கல்குலேற்றரைக் கொண்டுபோய்ப் பரீட்சை எழுதினேன். கிரேட் 5. ரீச்சராக வரும் எண்ணம் இருந்தால் தொடக்கத்திலேயே ஜி.சி.எஸ்.இ.யை எடுத்துவிடுங்கள்.

இப்போது இரண்டாம் வகுப்புப் படிப்பிக்கிறேன். 2016இல் தன் ஸிப்பால் எனக்குப் பாடம் சொல்லித்தந்த பிள்ளை செக்கண்டரிக்குப் போய்விட்டான்.

ஹோலில் கண்ட தங்கச்சி போகும்போது என் நம்பரை வாங்கியிருந்தார். ஞாயிறு இரவு மெசேஜ் வந்தது. அவருக்கு ஏர்லி இயர்ஸ், அதாவது ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பற்றிய படிப்பு, படிக்க விருப்பமாம், ஏ.எல். மூன்று பாடமும் பாஸாம், ஊர் டிகிரி இல்லையாம். அடுத்த வியாழன் ஐந்து மணிக்குக் கொலிஜில் ஓப்பன் ஈவினிங். கேட்கவேண்டிய மூன்று கேள்வியை எழுதி அனுப்பியிருக்கிறேன்: சான்றிதழ் எந்த யூனிவர்சிற்றியின் பெயரில் வரும், லெவல் 6 எங்கே நடக்கும், அது என் படிப்பு முடியும்வரை நடக்கும் என்று எழுத்தில் தருவீர்களா. குழந்தையையும் கொண்டு வரச் சொன்னேன். நாலே முக்காலுக்கு வாசலில் நிற்பேன்.