ரோட்ரிகெஸின் சின்னத் தட்டுகள்
சிக்ஸ்டோ ரோட்ரிகெஸ் என்றால் நம்மில் பலருக்கு யாரென்று தெரியாது, அவரைப் பற்றி 2012-இல் வந்து மறு வருடம் ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்தைப் பார்த்தவர்களைத் தவிர. அமெரிக்காவில் டெட்ராய்ட்காரர், தானே எழுதித் தானே பாடியவர். 1970-இல் ஒன்று, 1971-இல் ஒன்று என இரண்டே எல்பி, அதாவது பல பாட்டுகள் கொண்ட பெரிய இசைத்தட்டு. சொந்த ஊரில் இரண்டுமே விற்கவில்லை, அப்புறம் கட்டடம் இடிக்கும் வேலைக்குப் போய்விட்டார். தென்னாப்பிரிக்காவில் தன் பாட்டு ஒரு தலைமுறைக்கே மனப்பாடம் என்பது 90களின் கடைசிவரை அவருக்குத் தெரியாது!

எல்பிகளை மறுபதிப்பு செய்துவிட்டார்கள், வேண்டியவர்கள் சுலபமாக வாங்கலாம். நான் தேடுவது அவருடைய ஏழு அங்குல சிங்கிள்களை, பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் உள்ள சின்ன இசைத்தட்டுகளை, அதிலும் குறிப்பாக 1967-இல் இம்பாக்ட் என்ற சின்ன லேபிள் (இசைத்தட்டு நிறுவனம்) வெளியிட்ட முதல் தட்டை. முதல் எல்பிக்கு மூன்று வருடம் முந்தையது. அதில் இருக்கும் இரண்டு பாட்டும் அந்த இரண்டு எல்பிகளின் மூலப் பதிப்பிலும் கிடையாது. இருபதுகளின் நடுவில் இருந்த ஒருவர், தன்னை யாரென்றே தெரியாத உலகத்துக்கு முதன்முதலாகப் பாடியது அந்தத் தட்டில்தான் இருக்கிறது. எனக்கு அது இரண்டு எல்பியையும்விடப் பெரிது.

தேடுவதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தத் தட்டில் அவர் பெயர் 'ராட் ரிகெஸ்' என்று இரண்டாக உடைந்து அச்சாகியிருக்கிறது. ரோட்ரிகெஸ் என்று தேடினால் சிக்காமல் போகலாம், விற்பவருக்கும் தன்னிடம் இருப்பது யாருடைய தட்டு என்று தெரியாமலே இருக்கலாம். அதனால் லேபிள் பெயரை வைத்துத் தேடுங்கள்.

அவருடைய எல்பிகளை வெளியிட்ட சசெக்ஸ் லேபிளில் எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த சிங்கிள்களும் உண்டு. நான் பார்த்தவற்றில் இருப்பது எல்பியில் உள்ள பாட்டுகளே, ஆனாலும் விடமாட்டேன். பெரிதாக விற்காத பாடகர்களுக்கு, கடைக்குப் போன பிரதியைவிட வானொலி நிலையங்களுக்கு இலவசமாக அனுப்பிய, 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்ட பிரதிதான் பல நேரம் கண்ணில் படும். அதை மட்டமாக நினைக்காதீர்கள்.

வாங்கும்முன் ஒன்று. அந்தக் கால அமெரிக்க சிங்கிள்களில் பலவும், இசைத்தட்டுகளுக்கு வழக்கமான வினைல் பிளாஸ்டிக்கில் செய்தவை அல்ல, பாலிஸ்டைரீன் (சுருக்கமாக ஸ்டைரீன்) என்ற வேறு பிளாஸ்டிக்கில் செய்தவை. பார்க்கப் பளபளவென்று புதுசாக இருக்கும், ஆனால் தேய்ந்த ஊசியால் பலமுறை ஓட்டியிருந்தால் ஊசி ஓடும் பள்ளம் அரித்துப் போய்க் குரலோடு 'ஸ்ஸ்' என்று ஒரு கரகரப்பு வரும், எவ்வளவு கழுவினாலும் அது போகாது. கழுவும்போது ஆல்கஹால் கலந்த திரவம் வேண்டவே வேண்டாம், ஸ்டைரீனைக் கெடுத்துவிடலாம். அதனால் புகைப்படத்தை மட்டும் நம்பாமல், ஓட்டிப் பதிவு செய்த ஒரு நிமிட ஒலியை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், கூடவே பாட்டு முடிந்தபின் நடுவிலுள்ள காகித லேபிளை ஒட்டி வரும் வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்ணையும். தட்டு மூலப் பதிப்பா, பின்னால் அடித்ததா என்று பார்க்க முதலில் கைகொடுப்பது அந்த எண்தான்.