சுரங்கக் கூரை ஏன் விழுகிறது? கேட் தேர்வுக்கு நான் படித்த வழி

வியாசர்பாடியில் உட்கார்ந்துகொண்டு நிலத்தடிச் சுரங்கத்தின் கூரையைப் பற்றி எப்படிப் படிப்பது? பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் தேர்வில் சுரங்கப் பொறியியல் தாள் எழுதப்போகும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. நமக்குத் தெரிந்த பெரிய சுரங்கம் நெய்வேலி. அது திறந்தவெளிச் சுரங்கம், அங்கே வானம்தான் கூரை. எண்ணூரில் கப்பல் கப்பலாக நிலக்கரி வந்து இறங்குகிறது, மொட்டை மாடியில் காயப்போட்ட துணியில் கரித்தூள் படிகிறது. ஆனால் அந்தக் கரி இருந்த இடத்தை நாம் யாரும் பார்த்ததில்லை. சரி, தண்டையார்பேட்டையில் மெட்ரோ சுரங்கம் இருக்கிறதே என்றால், அது இந்தப் பாடத்துக்கு உதவாது. இயந்திரம் துளைத்துக்கொண்டே போகும்போது பின்னாலேயே கான்கிரீட் வளையங்களை அடுக்கிவிடுகிறார்கள். அங்கே மண்ணை யாரும் நம்புவதில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் பாறையை நம்பித்தான் ஆக வேண்டும்.

தேர்வின் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண், அதில் 15 பொதுத் திறனுக்கு. பாறை இயக்கவியலும் நிலக் கட்டுப்பாடும் பாடத்திட்டத்தில் தனிப் பகுதியாகவே இருக்கின்றன. உழைப்புக்கு ஏற்ற மதிப்பெண் தருகிற பகுதி என்றால் என் கணக்கில் இதுதான். ஆனால் பலர் இதைச் சூத்திரப் பட்டியலாக மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் பட்டியல் கைகொடுக்காது.

எந்தக் கணக்கை எடுத்தாலும், “இந்தக் கூரை ஏன் விழப்போகிறது?” என்று முதலில் கேளுங்கள். போல்ட்டா (கூரையில் துளையிட்டுப் பொருத்தும் இரும்புக் கம்பி), மரக்கட்டையா, இரும்பு முட்டா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

நம் தெருவில் வீடு கட்டும்போது தளத்துக்கு சென்ட்ரிங் அடித்து, சவுக்குக் கட்டைகளை வரிசையாக முட்டுக் கொடுத்திருப்பார்கள். ஈரக் கான்கிரீட்டுக்குச் சொந்த பலம் கிடையாது. மொத்த எடையும் முட்டின் தலையில்தான். சுரங்கத்தில் கதை வேறு. பாறை ஏற்கெனவே கெட்டியானது. அடியில் இருந்த கரியை எடுத்ததும் அது இரண்டு பக்கத்துக் கரித்தூண்களுக்கு நடுவே உத்திரம்போல் நிற்கிறது. மெல்லிய அடுக்குகளாக இருந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக வளைந்து, மேலே இருப்பதை விட்டுப் பிரியும். நடுவில் அடிப்பக்கமும், ஓரங்களில் மேற்பக்கமும் இழுவையில் விரிசல் விடும்.

இதை எண்ணில் போட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். இரு முனையும் இறுகப் பிடித்த உத்திரம் என்று வைத்துக்கொண்டால், அதிகபட்ச இழுவைத் தகைவு (ஒரு பரப்பின் மேல் விழும் இழுவிசை) கிடைக்க, ஒரு கன மீட்டர் பாறையின் எடையை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அடுக்குத் தடிமனின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். எடை 24 கிலோநியூட்டன், தடிமன் அரை மீட்டர், பாதையின் அகலம் 4.8 மீட்டர் என்றால் சுமார் 0.55 மெகாபாஸ்கல். அகலத்தை 4.2 மீட்டராகக் குறைத்தால் 0.42. வெறும் 60 சென்டிமீட்டர் குறைத்ததற்குக் கிட்டத்தட்ட கால் பங்கு தகைவு இறங்கிவிட்டது. தூண் விட்டு வெட்டும் முறையில் பாதை அகலத்துக்கு 4.8 மீட்டர் என்று உச்சவரம்பு வைத்திருப்பதன் காரணமும் இப்போது புரியும்.

அடுத்து, அதே அரை மீட்டர் அடுக்குகள் இரண்டைப் போல்ட் போட்டு ஒன்றாக இறுக்கிவிட்டோம், அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவில்லை என்று வையுங்கள். தடிமன் ஒரு மீட்டர் ஆகிறது. தகைவு பாதியாகிறது, நடுவில் தொய்வு நாலில் ஒரு பங்காகிறது. போல்ட் இங்கே எதையும் கீழிருந்து தாங்கவில்லை, பாறையைத் தடியான உத்திரமாக்கியிருக்கிறது. எட்டும் உயரத்தில் உறுதியான மணற்கல் இருந்தால் போல்ட்டின் வேலை வேறு: அடியில் இருக்கும் பலவீனமான அடுக்கை மேலே இருப்பதில் தொங்கவிடுவது. அப்போது கணக்கும் எளிது. 0.6 மீட்டர் தடிமன், இரு திசையிலும் 1.2 மீட்டர் இடைவெளி என்றால் ஒரு போல்ட்டின் பங்கு சுமார் 20.7 கிலோநியூட்டன், அதாவது இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் மேல். கேள்வியில் மேலே என்ன பாறை என்று ஒரு வரி கொடுத்திருப்பார்கள். எந்தக் கணக்கைப் போடுவது என்று அந்த வரிதான் சொல்லும்.

பாறையின் தரத்துக்கு மதிப்பெண் போடும் ஆர்.எம்.ஆர். முறையில், இந்திய நிலக்கரிச் சுரங்கங்களுக்கென்றே உள்ளதைக் கட்டாயம் படியுங்கள். தன்பாத்தில் உருவானது. அடுக்குத் தடிமனுக்கு 30, விரிசல், வழுக்குத் தளம் போன்ற அமைப்புக் குறைகளுக்கு 25, ஈரத்தில் சிதையும் தன்மைக்கு 20, பாறை வலிமைக்கு 15, நிலத்தடி நீருக்கு 10, ஆக மொத்தம் 100. வலிமைக்கு வெறும் 15தானா என்று ஆச்சரியப்படுவீர்கள். மேலே போட்ட உத்திரக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியம் இருக்காது, அதில் விடையை ஆட்டிவைத்தது தடிமன்தானே. பீனியாவ்ஸ்கியின் 1973ஆம் ஆண்டு முறையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெயர் ஒன்று, அட்டவணை வேறு.

கூரைச் சுமைக்கு ஆர்.எம்.ஆரை 0.037ஆல் பெருக்கி 1.7லிருந்து கழியுங்கள். ஆர்.எம்.ஆரின் வர்க்கத்தை 0.0002ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வந்ததைப் பாதை அகலத்தாலும் பாறை அடர்த்தியாலும் பெருக்கினால், சதுர மீட்டருக்கு எத்தனை டன் என்று கிடைக்கும். ஆர்.எம்.ஆர். 45, அகலம் 4.2 மீட்டர், அடர்த்தி 2.4 என்றால் 4.44 டன். வரிசைக்கு நான்கு போல்ட், ஒவ்வொன்றும் பாறையைப் பற்றி நிற்கும் பிடிப்பு 8 டன், வரிசை இடைவெளி 1.2 மீட்டர் என்றால், மொத்தப் பிடிப்பை அகலத்தாலும் இடைவெளியாலும் வகுக்கத் தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 6.35 டன். அதைச் சுமையால் வகுத்தால் பாதுகாப்புக் காரணி 1.43. இப்போது ஆர்.எம்.ஆரை 40 ஆக்குங்கள். சுமை 5.44 ஆகிறது, காரணி 1.17க்கு இறங்கிவிடுகிறது. வரிசை இடைவெளியை ஒரு மீட்டராக்கினால் மறுபடி 1.40. விடை வந்ததும் பக்கத்தைத் திருப்பாமல் இப்படி ஒவ்வொரு எண்ணாக ஆட்டிப் பார்த்தால், பத்துக் கணக்கு போட்ட பலன் ஒரே கணக்கில் கிடைக்கும்.

நம்மைச் சிக்கவைக்கும் ஒரு பொறியும் உண்டு. 22 மில்லிமீட்டர் கம்பியின் குறுக்களவையும் எஃகின் வலிமையையும் கொடுத்து, பிடிப்பு 8 டன் என்றும் கொடுப்பார்கள். 415 மெகாபாஸ்கல் எஃகு என்றால் கம்பி மட்டும் 16 டன் தாங்கும். ஆனால் பிடிப்பு அதற்கு முன்பே விட்டுவிடும். எது சிறியதோ அதைத்தான் எடுக்க வேண்டும்.

முடிந்தால் ஒரு தடவையாவது கீழே இறங்கிப் பாருங்கள். கோடைப் பயிற்சிக்கு நான் சென்ட்ரலில் ரயிலேறி ராமகுண்டம் பக்கம் போனேன். நமக்குக் கிட்டத்தில் நிலத்தடிக் கரி என்றால் தெலங்கானாதான். அங்கே சர்தார் (கூரையின் பாதுகாப்பைச் சோதிக்கும் சுரங்க ஊழியர்) ஒருவர் ஒரு கையைக் கூரையில் வைத்து, மறு கையில் இருந்த கோலால் பக்கத்தில் தட்டினார். நல்ல பாறை கணீரென்றது. நாலடி தள்ளித் தட்டியபோது சத்தம் பொத்தலாக வந்தது. “கை வைங்க” என்றார். விரல் நுனியில் அதிர்வு தெரிந்தது, அடுக்கு பிரிந்திருக்கிறது. கடப்பாறையால் நெம்பித் தள்ளிய பிறகுதான் எங்களை அந்தப் பக்கம் விட்டார். போல்ட் போடும் இடத்தில் சிமென்ட் கேப்சூல்களை வாளித் தண்ணீரில் ஊறவைத்திருந்தார்கள். குமிழி நின்றதும் எடுத்துத் துளைக்குள் தள்ளி, கம்பியைச் சுழற்றி ஏற்றினார்கள். அதுவரை அந்த இடத்தைத் தற்காலிக முட்டுகள்தான் பார்த்துக்கொண்டன. முட்டு இல்லாத கூரைக்கு அடியில் ஒருவரும் நிற்கவில்லை.

பெரம்பூரில் மகள் வீட்டில் இருக்கும் கோலார் தங்கவயல் தாத்தா ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். சிரித்துவிட்டு, “தம்பி, எங்களுக்கு மேலே இருந்து விழுற கல்லை விட, பக்கத்துல இருந்து தெறிக்கிற கல்லுக்குத்தான் பயம்” என்றார். 2001இல் மூடப்பட்ட அந்தச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அந்த ஆழத்தில் பாறை, எடை தாங்காமல் தொங்குவதில்லை, அழுத்தம் தாங்காமல் வெடிக்கிறது. அதனால்தான் அங்கே வெட்டிய வெற்றிடத்தைக் கருங்கல் அடுக்கி நிரப்பினார்கள். மேலே போட்ட கூரைச் சுமைக் கணக்கு அந்த இடத்துக்குப் பொருந்தாது. பார்ட்டன் குழுவினர் 1974இல் தந்த, பாறைத் தரத்தை மூன்று பின்னங்களின் பெருக்கலாகச் சொல்லும் கியூ முறையில் கடைசிப் பின்னத்தின் கீழே ஒரு தகைவுக் காரணி இருக்கிறதே, அது எதற்கு என்று எனக்குத் தாத்தா பேச்சில்தான் உறைத்தது. முதல் பின்னம் பாறைத் துண்டின் அளவு, இரண்டாவது விரிசல் முகங்களின் உராய்வு, மூன்றாவது நீரும் தகைவும். ஆறு எழுத்துகளை வரிசையாக மனப்பாடம் செய்வதைவிட இப்படி மூன்றாகப் பிரித்தால் மறக்காது.

தூண்களை எடுக்கும் கட்டத்தில் வரும் அடுக்குக் கட்டைகள், உடைப்பு வரிசை முட்டுகள், லாங்வால் (நீண்ட முகப்பாகக் கரியை வெட்டும் முறை) ஹைட்ராலிக் தாங்கிகள் ஆகியவற்றை ஒரு சுற்றுப் படித்தால் போதும். சுரங்க மேலாளர், ஓவர்மேன் (மேற்பார்வையாளர்) தகுதிச் சான்றிதழ் எழுத நினைப்பவர்கள் மட்டும் 2017ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க ஒழுங்குவிதிகளை மூலத்திலேயே படியுங்கள், குறிப்பாகப் பாறை அடுக்குக் கட்டுப்பாட்டு, கண்காணிப்புத் திட்டம் பற்றிய பகுதியை.

படிக்க வீட்டில் இடமில்லை என்றால் கொளத்தூர் முதல்வர் படைப்பகம் பக்கம்தான். பழைய வினாத்தாள்கள் கேட் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, காசு கொடுத்துத் தொகுப்பு வாங்காதீர்கள். கணக்குகளைத் திரையில் வரும் கால்குலேட்டரிலேயே போட்டுப் பழகுங்கள்; கைக் கால்குலேட்டருக்கு அங்கே அனுமதி இல்லை. எண்ணாக விடை எழுதும் கேள்விகளுக்கு மைனஸ் மதிப்பெண் கிடையாது, அதனால் அவற்றில் எதையும் காலியாக விட வேண்டாம். டன்னில் கொடுத்துவிட்டுக் கிலோநியூட்டனில் கேட்டிருந்தால் 9.81ஆல் பெருக்குங்கள். எத்தனை தசம இடம் என்று கேட்டிருக்கிறார்களோ, கடைசி வரியில்தான் அதற்கு முழுமைப்படுத்த வேண்டும்.