கூழும் காயும் மீனும்

எங்கள் வகுப்பில் மதிய மணி அடிக்கும் முன்பே யார் வீட்டில் என்ன சமையல் என்று தெரிந்துவிடும். வாட்டிய வாழையிலைப் பொதியை அவிழ்த்தால் மணம் காட்டிக் கொடுக்கும். யாழ்ப்பாணத்து வடகரை மீன்பிடி ஊரான மயிலிட்டிப் பெடியங்கள் நாங்கள் நாலு பேர். எங்கள் பொதியில் குரக்கன் புட்டும் பொரித்த கருவாடும் இருக்கும். செம்மண் தோட்டக்கார வீட்டுப் பெடியங்கள் கத்தரிக்காய்ப் பொரியலைத் தந்து கருவாட்டை வாங்குவார்கள்.

1987இல் நோர்வேக்கு வந்தேன். அக்காலத்தில் வந்த பலரைப் போல முதல் வருடம் ஒரு விடுதிப் பள்ளியில் படிப்பு. காலையும் மதியமும் பாண், அதன்மேல் மண்ணிறப் பாற்கட்டி. பால் திரைந்த பின் மிஞ்சும் தண்ணீரை மணிக்கணக்காகக் காய்ச்சி வற்றவைத்துச் செய்வது. இனிக்கும், ஆனால் ஆட்டுப்பால் வாடை தொண்டையில் நிற்கும். சரி, அதுகூடப் பழகியது. எல்லாமே ஆறின சாப்பாடு என்பதுதான் பழகவில்லை. ஆவி இல்லை, மணமும் இல்லை.

பிறகு வடக்கே ஃபின்மார்க் கரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. அங்கே பனிக்காலம் முடியும்போது கொட் மீனைத் தலை வெட்டி, இரண்டிரண்டாக வாலில் கட்டி, மரப் பரண்களில் தொங்கவிடுவார்கள். உப்புப் போடுவதில்லை. குளிரும் காற்றும்தான் உலர்த்தும். மே மாதம் வெயில் ஏற ஏற ஊரெல்லாம் அந்த வாடை. மீன் ஊரில் பிறந்த நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன்.

1990 ஜூனில் போரால் மயிலிட்டிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தது. அடுத்த வருடம் அம்மா ஒரு ஆளிடம் ஒடியல் மா, அதாவது காய்ந்த பனங்கிழங்கு மா, கொடுத்துவிட்டிருந்தார். இரண்டு பொலித்தீன் பை, அதற்கு மேல் அவருடைய பழைய சேலைத் துண்டு. அவிழ்த்ததும் அந்தக் கைப்பு மணம். பையை முகத்தோடு வைத்தபடி கனநேரம் நின்றேன்.

அன்று பின்னேரமே கூழ் காய்ச்சினோம். வீட்டில் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் ஊரில் எங்கள் கல்லூரியில் படித்தவர்கள். திருக்கைக்கும் நண்டுக்கும் பதில் கொட் மீன் தலையும் இறாலும், பலாக்கொட்டைக்குப் பதில் உருளைக்கிழங்கு. செத்தல் மிளகாயை அரைத்துப் போட்டு, பழப்புளி விட்டு, கரைத்த மாவை ஊற்றியதும் கூழ் தடித்துக் கொப்பளித்தது. பிலாவிலை இல்லை, கோப்பையில்தான் குடித்தோம். மிளகாய்க் காரத்துக்கு யாரோ ஜன்னலைத் திறந்தான். பரண் மீனின் வாடை உள்ளே வந்து கூழின் ஆவியோடு கலந்தது. கையில் கோப்பையோடு அப்படியே இருந்துவிட்டேன். கருவாடு காயும் எங்கள் வாடி, பக்கத்தில் அம்மாவின் கூழ்ப்பானை. மூன்று வருடமாக நான் மூக்கைப் பொத்தி விரட்டியது இதைத்தானா?

மயிலிட்டித் துறைமுகம் 2017இல் இராணுவத்திடமிருந்து திரும்பக் கிடைத்தது, 27 வருடம் கழித்து. அடுத்த வருடம் போனேன். அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வாடி இருந்த இடத்தில் பற்றை. கொஞ்சம் தள்ளி ஒரு பாயில் சூடைக் கருவாடு காய்ந்தது. பக்கத்தில் குந்தினேன்.

“வேணுமோ ஐயா?” என்றான் ஒரு பெடியன்.

அரைக் கிலோ வாங்கி, அக்கா வீட்டில் பொரித்துப் புட்டோடு சாப்பிட்டேன். விடிய எழும்பிக் கையை முகர்ந்து பார்த்தேன். மணம் இன்னும் இருந்தது.