கன்னத்துக்குள் கம்பிக் கோலம்

ரசம் ஒரு வாய் வைத்தால் போதும், கன்னத்துக்குள் தீ வைத்த மாதிரி எரியும். உடம்புச் சூடு என்று மோரைக் குடித்தே எட்டு மாதம் ஓட்டிவிட்டேன். தெருமுனை கிளினிக்கில் வாயைத் திறக்கச் சொல்லாமலேயே பி காம்ப்ளக்ஸ் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கடவாய்ப்பல் உடைந்து கோரிப்பாளையத்தில் பல் டாக்டரிடம் போனபோதுதான், அவர் என் கையில் கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினார். இரண்டு கன்னத்துக்குள்ளும் கம்பிக் கோலம் போட்ட மாதிரி வெள்ளை இழைகள், இடையில் சிவந்த புண். லைக்கன் பிளானஸ் என்றார், வாய்க்குள் தோல் அழற்சியாகி நாள்பட இருக்கிற நோயாம்.

"புற்றுநோயா டாக்டர்?"

"இல்லைம்மா. நூறு பேருக்கு இதிருந்தா, பல வருஷம் போய் ஒருத்தருக்கு அப்படி மாறலாம். சிவந்து புண்ணாகிற வகைன்னா கொஞ்சம் கூடவே கவனிக்கணும். சதை எடுத்துப் பார்த்திடுவோம்."

ஷேர் ஆட்டோவில் செல்லூர் வந்து சேரும்வரை அந்த ஒருத்தர் நான்தான் என்றே தோன்றியது.

மரத்துப்போகப் போட்ட ஊசிதான் வலித்தது. எடுத்த சதை உடைத்த உளுந்து அளவுதான், டப்பாவுக்குள் ஃபார்மலினில் கிடந்தது. லேபில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தையல் காயும்வரை பழைய சோற்றைக் கரைத்துக் குடித்தேன். ஒன்பதாம் நாள் ரிப்போர்ட் வந்தது. டிஸ்பிளாசியா இல்லை, அதாவது செல்கள் புற்றுப் பக்கம் திரும்பவில்லை. லேப் வாசலிலேயே அழுதுவிட்டேன்.

ராத்திரி பஞ்சால் ஈரத்தை ஒற்றிவிட்டு ஸ்டீராய்டு பேஸ்ட் தடவுகிறேன். அதன் பிறகு அரை மணி நேரம் தண்ணீர்கூடக் கிடையாது. உடைந்த பல் உரசாதபடி டாக்டர் தேய்த்துவிட்டார். எரிச்சல் பாதியாகிவிட்டது, கோடுகள் போகவில்லை. இது அடியோடு போகிற நோயில்லையாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். நடுவில் கட்டி தட்டுப்பட்டாலோ, ஒரு புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலோ உடனே ஓட வேண்டும். மாதா மாதம் மகன் டார்ச் அடித்து செல்போனில் படம் எடுத்து வைக்கிறான், பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க.

வெற்றிலை பாக்கு போடுவீங்களா என்று டாக்டர் கேட்டார். கல்யாண வீட்டில் ஒரு வாய்தான் என்றேன். அதுவும் வேண்டாம் என்றுவிட்டார். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கள் அத்தை முப்பது வருஷமாகப் புகையிலையோடு போடுகிறவர். "எனக்கென்னடி வந்துச்சு?" என்று வாயைத் திறக்கவே மறுத்தார். என் கன்னத்துப் படத்தைக் காட்டிய பிறகு பேசாமல் இருந்தார். வியாழக்கிழமை எனக்கு மூன்றாவது செக்கப். அத்தையும் கூட வருகிறார்.