பழைய டட்சன் பிக்கப்: காற்றுக் கூடவா, பெற்றோல் குறைவா?

கோப்பாயிலிருந்து சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றும் எங்கள் டட்சன் சன்னி பிக்கப்பில் இருப்பது ஏ12 எஞ்சின், 1171 சிசி. சூடானதும் சந்தியில் நின்றால் உதறும். அக்சிலேற்றரை மிதித்தால் ஒரு கணம் திணறி, காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேற்றரின் வாயால் ‘டப்’ என்று துப்பும். பார்த்தவர்கள் எல்லாரும் சொன்ன வைத்தியம் ஒன்றுதான்: காபரேற்றரைக் கழற்றிக் கழுவு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எடுத்தவுடன் கழற்றினால் இருக்கிற தடயம் எல்லாம் போய்விடும்.

முதலில் பிளக்கின் பொறியைக் கிளப்பும் பொயின்ற் இடைவெளியையும், அந்தப் பொறி எப்போது அடிக்கிறது என்ற ரைமிங்கையும் பார்த்தேன். பிளக் பிந்தி அடித்தாலும் வண்டி இப்படித்தான் திணறும். இரண்டும் சரி. பிறகு பிளக்கைக் கழற்றினேன். பெற்றோல் கூடினால் கரி பிடித்துக் கறுத்திருக்கும்; இவை நான்கும் வெளிறிக் கிடந்தன. எஞ்சின் சூடாக இருக்கும்போதே காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்தேன், உதறல் அடங்கியது. அப்படியென்றால் காற்றுக் கூட, அல்லது பெற்றோல் குறைவு. எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெற்றோல் என்பது புத்தகக் கணக்கு. அக்சிலேற்றரை மிதிக்காமல் ஐடிலில் ஓடும் பழைய எஞ்சின் பெற்றோலை இன்னும் கொஞ்சம் கூடவே கேட்கும்.

இதில் உள்ள ஹிட்டாச்சி காபரேற்றரில் ஒரு நல்ல வசதி, பெற்றோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தில் சின்னக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். பெற்றோல் மட்டம் கண்ணாடியின் நடுவில் நின்றது. ஆகவே காற்றைத்தான் தேட வேண்டும்.

கொக்குவிலில் கராஜ் வைத்திருக்கும் அண்ணை ஒருவர், எஞ்சின் காற்றை உறிஞ்சும் பலத்தை அளக்கும் வக்குவம் கேஜோடு வந்தார். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய தலைமுறை. கலவையின் குறையைச் சத்தத்திலேயே பிடிப்பார். நல்ல எஞ்சினில் கேஜின் ஊசி, பாதரச அங்குலக் கணக்கில், 17க்கும் 21க்கும் இடையில் அசையாமல் நிற்க வேண்டும். எங்களுடையது 14இல் நின்றது. “தம்பி, எங்கயோ களவாக் காத்து இழுக்குது. காபரேற்றருக்குக் கீழ பார்” என்றார்.

சிலர் இந்த இடத்தில் பெற்றோலையோ ஸ்பிரேயையோ அடித்துப் பார்ப்பார்கள். ஏ12இல் காபரேற்றருக்கு நேர் கீழேயே எஞ்சின் புகை வெளியேறும் மனிபோல்ட் குழாய் கொதித்துக்கொண்டிருக்கும்; எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. பூச்செடிக்கு அடிக்கும் போத்தலில் தண்ணீர் எடுத்து, காபரேற்றரின் அடியைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தேன். பின்பக்க மூலையில் பட்டதும் ‘ஸ்ஸ்’ சத்தம் நின்றது, ஊசி ஒரு துள்ளுத் துள்ளியது. கழற்றிப் பார்த்தால், அடியில் சூட்டைத் தடுக்கும் தடித்த இன்சுலேற்றர் வளைந்திருந்தது. முன்பு யாரோ நட்டைப் பலங்கொண்ட மட்டும் இறுக்கி, காற்றுப் புகாமல் இடையில் வைக்கும் கஸ்கற்றுக்குப் பதிலாகப் பசையைப் பூசியிருக்கிறார்கள். கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய எமெரித் தாளை விரித்து இன்சுலேற்றரைத் தேய்த்துச் சமன் செய்து, இருபுறமும் புதுக் கஸ்கற் வைத்து, நட்டுகளை மாறி மாறி அளவாக இறுக்கினோம். ஊசி 19க்கு வந்தது. கலவை ஸ்குரூவை அதற்குப் பிறகுதான் தொட்டேன். ஊசி ஆகக்கூட ஏறும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து ஒரு துளி உள்ளே.

யாழ்ப்பாணத்தில் ஏற்றம் கிடையாது. எஞ்சினைச் சோதிக்க மூட்டைகளோடு ஏ9 வீதியில் ஆனையிறவுப் பக்கம் ஓட வேண்டியதுதான். கொடிகாமம் தாண்டியதும் இழுவை குறைந்தது. உடனே நிறுத்திக் கண்ணாடியைப் பார்த்தால் பெற்றோல் கீழே இறங்கியிருந்தது. இது வேறு வியாதி. பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்தேன், ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனது. யாரோ காற்றுத் துளை இல்லாத மூடியைப் போட்டிருக்கிறார்கள்; பெற்றோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று நுழைய வழியில்லை. அன்று மூடியைத் தளர்த்தி, துணி சுற்றி வீடு வந்தேன். துளையுள்ள மூடி பழைய சாமான் கடையில் மலிவாகவே கிடைத்தது.