ஸ்பானியத்தில் பணம் கொடுக்கும் வினைகள்: 'பகார்' வசப்பட்டது

ஸ்பானிய மொழியில் பணம் கொடுப்பதைக் குறிக்கும் வினைச்சொற்களைத் தனித்தனியாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவற்றில் பணம் கொடுப்பதற்கான பொதுச் சொல்லான 'பகார்' முழுமையாக வசப்பட்டுவிட்டது. செய்தித்தாளில் அது வரும் இடமெல்லாம், நம் 'கு'வைப் போலப் பொருளுக்கு முன்னால் நிற்கும் 'போர்' என்ற சொல் ஏன் வந்தது, ஏன் வரவில்லை என்று இப்போது தயங்காமல் சொல்ல முடிகிறது. அந்த மகிழ்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.

வினைத்திரிபு எல்லாருக்கும் தெரிந்ததுதான். வேலை வாங்குவது 'போர்' மட்டுமே. 'காபிக்குக் காசு கொடுத்தேன்' என்று தமிழில் யோசிப்பவருக்கு அந்தக் 'கு'வுக்கு ஈடாக ஏதாவது ஒன்றைச் சேர்த்தே தீர வேண்டும் என்று தோன்றும். ஸ்பானியத்தில் காபியே நேரடிச் செயப்படுபொருள்: 'பகே எல் கஃபே'. வாடகை, வரி, ஹோட்டல் பில் எல்லாம் அப்படியே. தொகையைச் சொல்லும்போதுதான் நிலைமை மாறுகிறது. செயப்படுபொருளின் நாற்காலியில் தொகை உட்கார்ந்துகொள்ள, வாங்கிய பொருள் 'போர்' என்ற சொல்லுக்குப் பின்னால் போய் நிற்கிறது: 'பகே தியெஸ் எயூரோஸ் போர் எல் லீப்ரோ'. புத்தகத்துக்குப் பத்து யூரோ கொடுத்தேன். இருப்பது ஒரே நாற்காலி என்று பிடிபட்டதும் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிட்டது.

அடுத்தது 'லே', அதாவது 'அவருக்கு' என்ற சொல். 'லே பகே எல் கஃபே ஆ லா கமரேரா' என்றால் பரிமாறிய பெண்ணிடம் காபிக்கான காசைக் கொடுத்தேன். 'லே பகே எல் கஃபே ஆ பேத்ரோ' என்றால் பேத்ரோ குடித்த காபிக்கு நான் காசு கொடுத்தேன் என்று கொள்வார்கள். இரண்டும் ஒரே அமைப்பு. பணம் யார் கைக்குப் போனது என்பதை இலக்கணம் சொல்லாது. ஆளையும் இடத்தையும் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். இந்த வகை வாக்கியங்களுக்கென்றே, அட்டைகளைப் புரட்டி மனப்பாடம் செய்ய உதவும் ஆங்கி செயலியில் தனி அட்டைக்கட்டு வைத்திருக்கிறேன். சொல்லை மட்டும் எழுதிய அட்டைகள் இதற்கு உதவவே உதவாது.

'அபோனார்' விஷயத்தில் பாடப்புத்தகங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. 'பகாரின் மரியாதையான வடிவம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஸ்பெயினில் அறிவிப்புப் பலகையிலும் ரசீதிலும் அது சரிதான். வங்கிக் கணக்கு அறிக்கையில் 'அபோனோ' என்பது வரவு, பற்றுக்கு 'கார்கோ'. மெக்சிகோவில் 'அபோனோ' என்றால் தவணை. வயலுக்கு உரமிடுவதும் 'அபோனார்' தான். இத்தனையையும் ஒரு வரியில் அடைக்க எப்படி மனம் வருகிறது?

'கன்செலார்' இன்னும் சுவையானது. ஸ்பெயினில் அது ரத்து செய்வது. கொலம்பியாவில் கடைக்காரர் 'வா ஆ கன்செலார் என் எஃபெக்தீவோ?' என்று கேட்டால், ரொக்கமாகக் கொடுக்கிறீர்களா என்று பொருள். கடனைத் தீர்ப்பது என்ற பொருளையும் ஸ்பானிய ராயல் அகாடமியின் அகராதி தருகிறது. ஆகவே இதைக் கொச்சை என்று யாரும் ஒதுக்க முடியாது.

அந்த அகராதி இணையத்தில் இலவசம். லத்தீன் அமெரிக்க வழக்குகளுக்கு 2010இல் வெளியான அமெரிக்க வழக்குச் சொல் அகராதியும் இலவசமாகவே கிடைக்கிறது. எந்தப் பொருள் எந்த நாட்டில் வழங்குகிறது என்று நாடுவாரியாகக் குறித்திருக்கிறார்கள். இவை இரண்டும் இருக்கும்போது காசு கொடுத்துச் சொற்றொடர்ப் புத்தகம் வாங்குவது வீண்.

செலவை ஏற்கும் 'கோஸ்தெயார்', 'சுஃப்ராகார்' இரண்டையும் இன்னும் தொடவில்லை. அதற்குள் மனம் எதிர்ப்பக்கத்துக்குத் தாவிவிட்டது: பணம் வாங்குகிறவரின் வினையான 'கோப்ரார்'. ஸ்பெயினில் காபிக் கடையை விட்டுக் கிளம்பும்போது 'மே கோப்ரா?' என்கிறார்கள், காசை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கடைக்காரரையே கேட்பது. கூடவே அழைத்து உபசரிப்பதைக் குறிக்கும் 'இன்விதார்'. 'இன்வீத்தோ யோ' என்று ஒருவர் சொல்லிவிட்டால் பில் அவருடையது. இந்த இரண்டுக்கும் வாக்கியங்கள் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன். 'சுஃப்ராகார்' கொஞ்சம் காத்திருக்கட்டும்.